எழுத்துக்கு முந்திய இலக்கம்

மாட்டுப்பட்டிக்குள் குடியிருக்கும் ஒருத்தியைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்க எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்! தெல்தோட்டைக்கு மேலே கரும்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் சுதேஷுக்கு அது தாராளமாகவே இருந்தது.

அவர் கேட்டார். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ரத்தினம்மா சாணிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அறுபது வயது. தலைக்கு மேலே தகரம். அதற்கும் மேலே ஐப்பசி மழை.

"மூணு மணிக்கு ஆபீஸ்ல விசாரணை. கண்டியிலருந்து காணி ஐயா வர்றாரு. நீ வந்துதான் ஆகணும்னு இல்ல. வந்தா குளிச்சிட்டு வா. அவருக்கு மாட்டு வாடை ஒத்துக்காது."

"வர்றேங்க ஐயா," என்றாள் ரத்தினம்மா, அடிக்கிற கைக்கும் ஐயா போட்டே பழகிய குரலில்.

அவர்கள் போன பிறகு, பட்டியின் உட்புறத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கஜலட்சுமி. கண்டி மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்து, காணாமல் போன கோப்புகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே ஓய்வுபெற்று, இப்போது காணாமல் போன நியாயங்களைத் தேடிக்கொண்டிருப்பவர். மற்றவன் நபீல். அக்குறணைக்காரன், நாற்பது வயது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பழுது பார்ப்பது தொழில். கஜலட்சுமிக்கு வேன் ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் உபதொழில்.

"அக்கா, இந்த மனுசன்ட நெஞ்சைக் கழட்டிப் பார்த்தா உள்ளுக்கு ஒண்டும் ஈக்காது. வெறும் பெட்டிதான்," என்றான் நபீல்.

"அப்படிச் சொல்லாதே. எந்த மனுசனுக்குள்ளேயும் ஒரு பருக்கை நல்லது இருக்கும். அதைக் கண்டுபிடிச்சிட்டா கதவு திறக்கும்."

"நீங்க பருக்கையைத் தேடுங்க. நான் சாவியைத் தேடுறேன்."

விஷயம் இதுதான். 1987க்கு முன் நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவானவர்களின் குடும்பத்துக்குத் தோட்டத்தில் வீட்டுக் காணி கொடுக்கிறார்கள். கரும்பாறையின் பழைய பதிவேடுகள் ஈரத்தில் உக்கிப் போயின. ரத்தினம்மாவின் பதிவு அட்டை மண்சரிவில் போனது. மிஞ்சியது ஒரே ஒரு பட்டியல். அரசாங்கம் தோட்டங்களை நடத்திய காலத்தில் கொழும்பிலிருந்த பெரிய மெயின்பிரேம் கம்ப்யூட்டர், பச்சைக் கோடு போட்ட நீளத் தாளில் அச்சடித்து அனுப்பிய பட்டியல் என்றார் சுதேஷ். அதில் டிஏ07 என்ற இலக்கத்துக்கு நேரே ரத்தினம்மாவின் பெயர் இல்லை. இராஜகுமாரி என்று இருந்தது. இராஜகுமாரி, சுதேஷின் மாமியார்.

"கறிவேப்பிலையைத் தவிர வேற இலை கிள்ளாத மனுசி," என்பது நபீலின் மதிப்பீடு.

அந்தத் தாளைக் காட்டித்தான் எட்டு மாதத்துக்கு முன் ரத்தினம்மாவின் ஒற்றையறை லயத்துக் காம்பராவைப் பூட்டினார்கள். நெஞ்சுச் சளியோடு கிடந்த அவள் புருசன் கறுப்பையாவைப் பாயோடு தூக்கி வாசலில் வைத்தார்கள். ஆடி மழையில் அவர் இந்தப் பட்டிக்குள்ளேயே இறந்து போனார். வாசல் ஒடுக்கம். பெட்டியைப் படுக்கவைத்து வெளியே எடுக்க முடியவில்லை, நிறுத்தி எடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது நிமிர்ந்து நிற்க முடியாத மனிதர், கடைசியாக ஒரு தடவை நின்றார்.

இன்று விசாரணையில் பட்டியல் சரி என்று முடிவானால், ரத்தினம்மாவுக்கு வீடும் இல்லை, காணியும் இல்லை. மேல்முறையீடும் கிடையாது.

"அம்மா, டிஏ07 உங்க நம்பர்தான்னு நிச்சயமா?" என்று கஜலட்சுமி கடைசித் தடவையாகக் கேட்டார்.

"எங்களை யாரும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா? கொழுந்து நிறுக்கிற எடத்துல 'டிஏ ஏழு'ன்னுதான் கத்துவாங்க. முப்பத்தஞ்சு வருசம். என் பேரைச் சொன்னா எனக்கே திரும்பிப் பார்க்கத் தோணாதுங்க."

கஜலட்சுமி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வேனில் ஏறினார். மணி எட்டு.

---

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நூல்நுனி. பட்டியலின் பிரதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த நபீல் ஒன்றைக் கவனித்திருந்தான்: ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு. "இது ஊசித் தலை பிரிண்டர், அக்கா. தலையில ஒரு ஊசி செத்துப் போயிருக்கு." ஆனால் எந்தப் பிரிண்டர்? எந்தக் காலத்தில்? அது தெரியவில்லை. அக்குறணையில் பழைய சாமான் விற்கும் ஹுஸைன் காக்காவிடம் கேட்டதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார்: நாவலப்பிட்டி தியாகராஜா. கொழும்பில் அந்தப் பெரிய மெஷினோடு இருபது வருடம் வேலை செய்தவர். அந்த மாதிரித் தாளைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை.

கலஹா வழியாக இறங்கி, கம்பளையைத் தாண்டி, நாவலப்பிட்டி ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சிறிய வீட்டை அடைந்தபோது மணி பத்தரை. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு மெலிந்த மனிதர் கதவைத் திறந்தார். வயது எழுபத்தைந்து. சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை.

"மெயின்பிரேம் பற்றிக் கேட்க வந்தோம்," என்றார் கஜலட்சுமி.

அந்த முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது. "உட்காருங்க, உட்காருங்க!" கதிரைகளைத் துடைத்தார். தேநீர் வைக்க ஓடினார். தேநீரைக் கொண்டுவந்து வைத்து, சீனியை மறந்துவிட்டுப் பேச உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, அம்மா. எல்லாம் இலக்கம்தான். இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிற கம்ப்யூட்டர் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அறுபத்தைந்து என்று ஞாபகம் வைக்கும். அதுக்குப் பேர் ஆஸ்கி. எங்க மெஷின் அப்படியில்லை. அது எப்சிடிக். அதில் 'ஏ' நூற்றுத் தொண்ணூற்று மூன்று. 'ஐ' வரைக்கும் வரிசையாகப் போகும். பிறகு ஏழு இடம் காலி. அதுக்கப்புறம்தான் 'ஜே'. துளை அட்டைக் காலத்து அடுக்கு."

"அந்த ஏழு இடத்துல யாரு ஈந்த?" என்றான் நபீல்.

"யாருமில்லை. சும்மா கிடந்தது."

"பாருங்க அக்கா. தெல்தோட்டையில ஒரு காம்பரா இல்லாம மனுசர் அலையிறாங்க. மெஷினுக்குள்ள ஏழு காம்பரா சும்மா கிடந்தீக்கி."

தியாகராஜா குழந்தை போலச் சிரித்தார். "இன்னொரு வேடிக்கை. எண்கள் எங்க மெஷினில் கடைசியில்தான் வரும். சைபர் இருநூற்று நாற்பது, ஒன்பது இருநூற்று நாற்பத்தொன்பது. அதனால பெயர்ப் பட்டியலை அடுக்கச் சொன்னால் எழுத்து முதலில் நிற்கும், இலக்கம் பின்னால் நிற்கும். இன்றைய கம்ப்யூட்டரில் தலைகீழ். இலக்கம் முந்தும், எழுத்து பிந்தும். சின்ன விஷயம். ஆனால் ஒரு பட்டியலைப் பார்த்ததுமே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்!"

கஜலட்சுமியின் கை, தேநீர்க் கோப்பைக்குப் போகும் வழியில் நின்றது. அந்தத் தாள் அவருக்கு மனப்பாடம். டி997, டி998, டி999. அதற்குப் பிறகு டிஏ01, டிஏ02... ஆயிரமாவது ஆளுக்கு இலக்கம் போதாமல் நடுவில் ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தார்கள். பின்னால் கொடுத்த இலக்கம் பின்னால் நின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அதைவிடச் சரியானது ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மெஷினின் கண்ணுக்கு?

"ஐயா," என்றார் மெதுவாக, "டி001க்கும் டிஏ01க்கும் உங்க மெஷின் எதை முதலில் வைக்கும்?"

"டிஏ01. சந்தேகமே..." அவர் நிறுத்தினார். முகத்தின் விளக்கு அணைந்தது.

கஜலட்சுமி பையைத் திறந்து பட்டியலின் பிரதியை மேசையில் விரித்தார்.

"இது உங்க மெஷினில் வந்ததா?"

தியாகராஜா அதைத் தொடாமல், "ஓம்... அந்தக் காலத்துத் தாள்தான்," என்றார்.

"நீங்கதானே இப்ப எழுத்து முதல்லன்னு சொன்னீங்க?" என்று நபீல் பாய்ந்தான். "அஞ்சு நிமிசத்துல மெஷினுக்கு மூளை மாறிட்டா?"

கஜலட்சுமி அவனைக் கையமர்த்தினார். அவர் பார்வை சுவரில் இருந்தது. அங்கே கோவில் திருவிழா உபயகாரர்களின் பட்டியல், பச்சைக் கோட்டுத் தாளில் அச்சடித்துத் தொங்கியது. எழுந்து போய் மூக்கு உரசப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு.

"நபீல், அந்த மூலையில துணி மூடியிருக்கிறதைத் திற."

துணிக்குக் கீழே பிரிண்டர் இருந்தது. அதற்குக் கீழே முப்பது வருடத்துப் பழைய தாள், கட்டுக் கட்டாக.

நிபுணரைத் தேடி வந்தவர்கள் குற்றவாளியின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வேலையை விட்டு வந்து முப்பது வருசம்," என்று தியாகராஜா கைகளைப் பார்த்தபடி சொன்னார். "என் மெஷினைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேரப்பிள்ளைகள்கூட. தைப்பூசத்துக்குப் பிறகு சுதேஷ் வந்தார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வருவார். மீன் வச்ச மாலுபணிஸ் வாங்கிட்டு வருவார். நீங்க கேட்ட மாதிரி உட்கார்ந்து கேட்பார். பிறகு, பழைய பட்டியல் கிழிஞ்சு போச்சு, அதே மாதிரி ஒன்று அடிச்சுத் தாங்க என்றார். அடிக்கும்போது ஒரு பெயரை மாற்றச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தார். அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு."

"விளங்கியும் அடிச்சீங்க."

"அடிச்சேன். ஆனா பிழையா அடிச்சேன், அம்மா! வேணும் என்றே எழுத்தைப் பின்னால வச்சேன். தெரிஞ்சவன் பார்த்தா உடனே பிடிச்சிடுவான். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

கஜலட்சுமியின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. இதோ, பருக்கை. பயந்த மனிதனும் தன் பயத்துக்குள்ளே ஒரு நன்மையைச் செய்து வைத்திருக்கிறான்!

"தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துல எத்தனை பேர், ஐயா?"

அவர் விரல்களை மடக்கினார். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் கனடாவில், நினைவு தப்பி. ஒருவர்... விரல்கள் நின்றன.

"நான் ஒருத்தன்தான்," என்றார்.

நபீலுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

சின்ன நன்மை சின்னதாக இருப்பதில் குற்றமில்லை. தெய்வம் அதையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்து வைத்த நன்மையால் யாருக்கு என்ன? கஜலட்சுமி பொதுவாக யார் மனதையும் நோகச் செய்ய மாட்டார். அன்று செய்தார். கறுப்பையாவின் பெட்டியை நிறுத்தி எடுத்த கதையை, ஒரு சொல் குறையாமல், நிதானமாகச் சொன்னார். தியாகராஜா காதைப் பொத்தினார். கஜலட்சுமி அந்தக் கைகளை விலக்கிவிட்டு மீதியையும் சொன்னார்.

"மூணு மணிக்கு விசாரணை. வர்றீங்களா?"

கிழவர் எழுந்து, மேசை லாச்சியிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

---

விசாரணைக்கு வந்த காணி அதிகாரி அஜந்தன், யாழ்ப்பாணத்து இளைஞர். குளித்துவிட்டு வந்திருந்த ரத்தினம்மா, தோட்ட ஆபீசில் சுவர் ஓரமாக நின்றாள். கதிரை காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. நபீல்தான் இழுத்துப் போட்டான்.

எழுத்து, இலக்கக் கதையைக் கஜலட்சுமி சொல்லி முடித்ததும் சுதேஷ் அட்டகாசமாகச் சிரித்தார்.

"ஐயா, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதோட நம்பர் தீந்துபோச்சு. அப்புறம் எழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. பின்னாடி குடுத்தது பின்னாடி வருது. ஒன்னாம் வகுப்புப் புள்ளைகூட அப்படித்தான் அடுக்கும்!"

"சரியாச் சொன்னீங்க," என்றார் கஜலட்சுமி. "மனுசப் பிள்ளை அப்படித்தான் அடுக்கும். அந்த மெஷின் அடுக்காது. இது மெஷின் அடுக்கின பட்டியல் இல்லை."

"அதுக்கு ஆர் சாட்சி?" என்று அஜந்தன் கேட்டார்.

வாசலில் நின்ற தியாகராஜா உள்ளே வந்தார். சுதேஷின் சிரிப்பு பாதியில் வெட்டுப்பட்டது.

"நான்தான் அடிச்சேன்," என்றார் கிழவர்.

"யோசிச்சுப் பேசுங்க," என்று சுதேஷ் தாழ்ந்த குரலில் சொன்னார். "உள்ள போறது நான் இல்ல. அடிச்ச கைதான்."

"தெரியும், தம்பி. பழைய தாளில் டிஏ07க்கு நேரே ரத்தினம்மா என்றுதான் இருந்தது." அவர் பஸ் டிக்கெட்டை மேசையில் வைத்தார். அதன் பின்புறத்தில், சுதேஷின் கையெழுத்தில்: டிஏ07 – இராஜகுமாரி.

அஜந்தன் அதையும் மேசையிலிருந்த தோட்டக் கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டியலின் மேல் குறுக்காகக் கோடு போட்டார்.

"இந்தத் தாள் செல்லாது. டிஏ07 ரத்தினம்மாதான். காணியும் அவவுக்குத்தான். காம்பராத் திறப்பைக் குடுங்கோ. மிச்சத்தைப் பொலிஸ் பார்க்கும்."

சுதேஷ் சாவியை மேசையில் எறிந்தார். ரத்தினம்மா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். எட்டு மாதமாக அழாதவள் அப்போதும் அழவில்லை.

நபீல் கஜலட்சுமியின் காதருகில் குனிந்தான். "பருக்கை வேலை செஞ்சிட்டு, அக்கா. நான் தோத்திட்டேன்."

கஜலட்சுமி சுதேஷையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று முள்ளாக உறுத்தியது. சுதேஷ் ஏன் இன்னும் பயப்படவில்லை? தோற்ற மனிதனின் முகமாக அது இல்லையே. ஒரு பக்கத்தை அடித்து வாங்க ஒரு வெள்ளிக்கிழமை போதுமே...

"தியாகராஜா ஐயா," என்றார். "சுதேஷ் எத்தனை வெள்ளிக்கிழமை வந்தார்?"

கிழவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"எத்தனை பக்கம் அடிச்சீங்க?"

"பதினாலு," என்றார்.

கஜலட்சுமி அவர் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"தோட்டத்தின் மற்ற டிவிஷன்களுக்கும்?"

"எல்லாத்துக்கும். ஒவ்வொன்றிலயும் ஒரு பெயர், இரண்டு பெயர்..."

"எல்லாத்துலயும் அந்த அடையாளத்தை வச்சீங்களா? எழுத்தைப் பின்னால?"

கிழவர் கழுத்துப் பொத்தானைத் தடவினார். "முதல் பக்கத்துல மட்டும்தான், அம்மா. ஒரு மாசம் பார்த்தேன், ஒருத்தரும் கேட்கல. பிறகு... கை பழகிப் போச்சு. ஊசித் தலையையும் மாற்றி, மற்றதெல்லாம் சரியாத்தான் அடிச்சேன். அச்சு அசல் எங்க மெஷின் அடுக்கின மாதிரியே. என்னாலகூடப் பிழை சொல்ல முடியாது."

அவர் குரலின் அடியில், அந்த நேரத்திலும், வேலை சுத்தமாக வந்த ஒரு தொழிலாளியின் பெருமை ஒரு துளி இருந்தது.

"மற்றத் துண்டுகள்?" என்றான் நபீல்.

"அவரே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார்."

சுதேஷ் இப்போது வெளிப்படையாகவே புன்னகைத்தார். "நான் எதுவும் குடுக்கலைங்க. அந்த ஒரு டிக்கெட்டுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

அஜந்தனின் முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பதின்மூண்டு பட்டியலுக்கும் ஒருத்தரும் மறுப்புத் தரேல்லை," என்றார், யாருக்கோ சமாதானம் சொல்வது போல. "எல்லாத்திலயும் போன மாசமே நான் கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டன்."

கஜலட்சுமி ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் தியாகராஜாவின் முன்னால் தள்ளினார். "எழுதுங்க. யார் யார் பெயரை எடுத்தீங்க? ஞாபகம் இருக்கிற மட்டும்."

கிழவர் பேனையைத் தொடவில்லை.

"முதல் பக்கத்துக்குப் பிறகு பெயரைப் பார்க்காமத்தான் அடிச்சேன்," என்றார். "இலக்கத்தை மட்டும் பார்த்தேன். அப்படி அடிச்சா... சுகமா இருந்துச்சு."

எந்தக் கல்நெஞ்சனின் வாயிலிருந்தும் கஜலட்சுமி இதைவிடக் கொடிய சொல்லைக் கேட்டதில்லை. சொன்னவரோ நெற்றியில் விபூதியோடு, நல்ல மனிதராக, அழுதுகொண்டு நின்றார்.

கதிரை நகரும் சத்தம் கேட்டது. ரத்தினம்மா எழுந்திருந்தாள். காம்பராத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லயத்துப் பக்கம் அவள் திரும்பவில்லை. நேராகத் தியாகராஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

"பொலிஸ் எப்ப வரும், ஐயா?" என்று அஜந்தனிடம் கேட்டாள்.

"நாளைக்குத்தான்."

"அப்ப இன்னைக்கு இருக்கு." கிழவரின் கையைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் காய்த்துப் போன அந்தப் பிடியில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. "கெளம்பி வாங்க. ஒவ்வொரு டிவிஷனா போவோம். யார் யாரைத் தூக்கி வெளிய போட்டிருக்காங்கன்னு நானே விசாரிச்சுக் காட்டுறேன்."

"நான் வந்து என்னம்மா செய்ய?" கிழவர் பின்வாங்கினார். "அவங்க ஒருத்தர் முகத்தையும் நான் பார்த்ததில்லையே..."

"இப்பப் பாருங்க," என்றாள் ரத்தினம்மா.